அக்காவின் அருவியும் என் ஓட்டை லேப்டாப்பும்

எங்கள் வீட்டில் படித்தவள் அக்கா. நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் நானும் பாலிடெக்னிக்கும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு பிரிந்துவிட்டோம். சண்டை எதுவும் இல்லை. இப்போது தென்காசியிலோ குற்றாலத்திலோ ஏதாவது லாட்ஜில் குளிக்கப் போனால் காலடியைப் பாருங்கள். என் கைவேலையாக இருக்கலாம். வழுக்கினால் அது வேறு ஆள் ஒட்டியது.

அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆளாவது போலீசிலோ பட்டாளத்திலோ இருப்பார்கள். என்னை எஸ்.ஐ. ஆக்க வேண்டுமென்று அப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. என் மார்க் ஷீட்டைப் பார்த்த அன்று அது இறந்துபோய், மறுநாளே அக்கா தலையில் மறுபிறவி எடுத்தது. எஸ்.ஐ. தேர்வுக்கான கைடு ஒன்றை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். செங்கல் தடிமன். அதை வைத்துச் சுவரே கட்டலாம்.

அக்காவுக்கோ கம்ப்யூட்டரில் படம் காட்டும் வேலைதான் வேண்டும். கேமில் மரம் மட்டை, மழை, ரோடு எல்லாம் திரையில் வருகிறதே, அதை வர வைக்கிற வேலை. பெங்களூரில் ஒரு கம்பெனி அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தது. பத்து நாளில் உன் ஊரில் ஓர் இடத்தை முப்பரிமாணத்தில் செய்து அனுப்பு. அதற்குள் கேமரா நடந்து போக வேண்டும். மலிவான பழைய லேப்டாப்பில், நொடிக்கு முப்பது படத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். எதுவும் மினுக்கக் கூடாது, விளிம்பெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியக் கூடாது. என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று இரண்டு பக்கம் எழுதவும் வேண்டும்.

அக்கா அப்பாவிடம் போய் நின்றாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரித்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். பதில் வரலன்னா ஒண்ணாந்தேதி காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுல நிக்கணும். சரியாட்டி?"

"சரிப்பா."

"எழுதித் தாரியா?"

"எப்பா, நான் ஒங்க மகளா, கேசா?"

இரண்டும் ஒன்றுதானே என்பதுபோல் அப்பா பார்த்தார். அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவின் லேப்டாப் காலேஜில் வாங்கியது, பலசாலி. அதில் ஓடினால் கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நோஞ்சான் லேப்டாப் ஒன்று வேண்டும். ஊரிலேயே நோஞ்சானான லேப்டாப் என்னுடையது. தென்காசியில் மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ வாங்கியது. பைக் ரேஸ் கேம் ஒன்று விளையாட மட்டும்தான் வைத்திருந்தேன். போட்ட கொஞ்ச நேரத்தில் அடிவயிறு கொதிக்கும், விசிறி அலறும். காற்றுப் போக அடியில் எதையாவது கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். சரியான உயரத்துக்கு வீட்டில் இருந்த ஒரே பொருள் எஸ்.ஐ. கைடு. அப்பா பார்க்காத பக்கமாகத் திருப்பி வைத்தோம்.

அக்கா எடுத்துக்கொண்ட இடம் குற்றாலம் மெயின் அருவி. சீசன் தொடங்கி சாரல் அடித்துக்கொண்டிருந்த நேரம். வேலைக்குப் போகிற வழியில் நான்தான் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். கைப்பிடிக் கம்பி, தரையில் பாவிய கல், தண்ணீருக்குப் பின்னால் பாறை, வெள்ளம் வந்தால் தண்ணீர் தாண்டிக் கொட்டுகிற அந்த ஆர்ச், எல்லாம். கூட்டத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒரு அண்ணாச்சியின் முதுகையும் சேர்த்து அனுப்பினேன். பாறைக்கு இந்த முதுகின் வழவழப்பைப் போட்டுக்கொள் என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அருவி என் லேப்டாப்பில் முதல்முறையாக ஓடியது. பார்த்தேன்.

"ஏக்கா, இது தண்ணி விழுதா, பட்டாணி பொரியுதா?"

"வாய மூடுலே. மினுக்குது. தெரியுது."

"கம்பியெல்லாம் ரம்பம் மாதிரில்லா இருக்கு. புடிச்சா கை அறுந்துரும்."

"மூதி, ஒன் லேப்டாப்புலதான் இப்பிடி இருக்கு. என்னதுல பாரு, நல்லாத்தான் இருக்கு."

அது உண்மை. அவள் லேப்டாப்பில் கம்பி கம்பியாக இருந்தது, தரை தரையாக இருந்தது. பாறை மட்டும் லேசாக மினுங்கியது. என்னுடையதில் கேமரா ஓர் அடி நகர்ந்தால் தூரத்துக் கல்தளம் முழுக்க எறும்பு ஊர்ந்தது.

கம்பி ஏன் ரம்பமாகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழப்பாவூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளைத் தரையில் குறுக்காகக் கறுப்புக் கோடு ஒன்று வேண்டுமென்றார் முதலாளி. டைலை வெட்டக் கூடாதாம், விலை கூடினதாம். சதுர டைலை வெட்டாமல் சாய்வான கோடு போட்டால் படிக்கட்டுதான் வரும். நான் கோடு பாதி விழுகிற இடத்திலெல்லாம் சாம்பல் டைல் வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் கிறுக்கன் ஒட்டியது போல இருக்கும். மாடியில் நின்று பார்த்தால் கோடு நேராக ஓடும். மாப்பிள்ளை வீட்டார் மாடியில் நின்றுதான் பார்த்தார்கள். திரையும் சதுர டைல் பாவிய தரைதான். டைல் மிகவும் சின்னது, அதற்குப் பிக்சல் என்று பெயர். ஓரத்தில் சாம்பல் டைல் வைக்கிற வேலைக்கு ஆன்ட்டி-ஏலியாசிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சாம்பல் டைலே போதும்.

தரை ஊர்வதற்கு அக்காதான் காரணம் சொன்னாள். தூரத்தில் ஒரு பிக்சலுக்குள் இருபது கல் வந்து விழுகிறது. இருபதையும் கலந்து ஒரு நிறம் சொன்னால் தரை அசையாமல் கிடக்கும். கலக்காமல் கைக்கு வந்த ஒரு கல்லை மட்டும் எடுத்தால், அடுத்த படத்தில் வேறு கல் வரும், அதற்கடுத்து வேறு. அதுதான் எறும்பு.

"அந்தக் கலக்குத சோலிய யாரு பாக்கணும்?"

"கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளயே அதுக்குன்னு ஒரு பகுதி இருக்குலே. ஃபேக்டரில செய்யும்போதே சோலிய உள்ளயே பதிச்சு விட்டிருப்பாங்க. கம்பி ஓரத்துக்குச் சாம்பல் வைக்கதும் அப்பிடித்தான். எவ்வளவு வேணும்னு மட்டும் நாம சொல்லலாம், எப்பிடிச் செய்யணும்னு சொல்ல முடியாது. ஆனா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள செஞ்சிரும்."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். எட்டு கல்லக் கலந்து கேட்டா ஒண்ணுதான் தருது. இந்தச் சவம் நான் சொல்லுததக் கேக்கவே மாட்டேங்குது. பழைய சிப்பு, அதால முடியல போல."

"வேற வழி?"

"சிப்புல இன்னொரு பகுதி இருக்கு. நாம எழுதித் தந்தா அப்பிடியே செய்யும். ஷேடர்னு பேரு. அதுல நானே ஃபில்டர் எழுதப் போறேன். எவன் தயவும் வேண்டாம்."

இதைச் சொல்லும்போது அக்காவின் கண்ணில் ஒரு பளபளப்பு. போலீஸ்காரர் மகள் அல்லவா, கை ஓங்க ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

"ஏக்கா, எங்க சோலில ரெண்டு மெஷினு உண்டு. ஒண்ணு தள்ளு கட்டரு. நேர் கோடு மட்டுந்தான் வெட்டும், ஒரு இழுப்பு, டக்குனு முடிஞ்சிரும். இன்னொண்ணு கிரைண்டரு. வட்டம், வளைவு, ஒன் மூக்கு மாதிரி கோணலு, எல்லாம் வெட்டும். ஆனா புழுதி, சத்தம், நேரம். ஹாலு முழுக்க கட்டரு போடுவோம். பாத்ரூமுல கக்கூசு கோப்பையச் சுத்தி மட்டுந்தான் கிரைண்டரு."

"சரி, அதுக்கு?"

"நீ ஹாலு முழுக்க கிரைண்டரு பிடிக்கப் போற. இடுப்பு போயிரும்."

"போலே, போய் சிமெண்டு கொழ."

போனேன். மறுநாள் நிஜமாகவே சிமெண்டு குழைக்க வேண்டியிருந்தது.

நான்கு நாள் அக்கா எழுதினாள். நான் வேலை முடிந்து வந்ததும் லேப்டாப் முன்னால் உட்கார வைப்பாள். மினுக்குகிற இடத்தையெல்லாம் விரல் வைத்துக் காட்ட வேண்டும், அதுதான் என் வேலை. கூலியாக எல்லைப் பக்கக் கடையின் பார்டர் பரோட்டா என்று பேச்சு. அவளுடைய ஃபில்டர் ஒவ்வொரு படத்தையும் துழாவும். எங்கே திடீரென வெளிச்சமும் இருட்டும் ஒட்டி நிற்கிறதோ அதைத் தேய்த்துவிடும். போன படத்தையும் அதற்கு முந்தியதையும் இதோடு சேர்த்துக் குழைக்கும். அறுநூறு வரி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் ரெண்டு வரிம்மா" என்பாள். இரண்டு வரியில் எங்கள் வீட்டுச் சாம்பார் மூன்று முறை சூடானது.

ஏழாம் நாள் மினுக்கம் நின்றது. கம்பி வழவழவென்று இருந்தது. தரை அசையவில்லை. அருவி பட்டுத் துணி மாதிரி விழுந்தது. ஆனால் நொடிக்கு இருபது படம்தான் வந்தது, கேமரா விக்கி விக்கி நடந்தது. வேகத்தை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. முகம் கழுவி, பொட்டு வைத்து, அப்பாவை அழைத்தாள்.

அப்பா மெயின் அருவியில் எத்தனையோ சீசன் பந்தோபஸ்துக்கு நின்றவர். அந்த இடத்தில் எத்தனை படி, எந்தப் படி வழுக்கும், குடித்துவிட்டு வருகிறவன் எந்தக் கம்பியைப் பிடிப்பான், எல்லாம் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்கிற பார்வை.

"கம்பி சரி. ஆர்ச்சு சரி. பொம்பளையாளுவ பக்கம் சரி." சற்று நிறுத்தினார். "பாறையில லிங்கத்த எங்க?"

அக்கா குனிந்தாள். "இருக்கும்ப்பா."

"எங்கன இருக்கு? காட்டு."

தண்ணீருக்குப் பின்னால் பாறையில் சின்னச் சின்னதாக லிங்கம் செதுக்கியிருப்பார்கள். தண்ணீர் குறையும்போது வரிசையாகத் தெரியும். அக்கா அவற்றை வைத்துத்தான் இருந்தாள். ஆனால் சின்னதாக, மங்கலாக, ஓடுகிற தண்ணீருக்குப் பின்னால் நின்றால் அவள் ஃபில்டருக்கு அது மினுக்கமாகத்தான் தெரியும். தேய்த்துவிட்டது. பாறை மாவு பிசைந்தது மாதிரி இருந்தது.

"எப்பா, அக்கா நாலு நாளு பாடுபட்டு சாமியவே அழிச்சிட்டா" என்றேன்.

அன்றைக்கு அது சிரிப்பு வருகிற வார்த்தை இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. அப்பாவும் குரலை உயர்த்தவில்லை.

"அங்கன வார சனம் தலையில தண்ணி விழும்போது அதத் தொட்டுத்தான் கும்பிடும். அது இல்லன்னா அது குத்தாலம் இல்லட்டி. வேற எதோ தண்ணி."

அப்பா போனதும் அக்கா லேப்டாப்பை மூடினாள். இன்னும் மூன்று நாள் இருந்தது. ஃபில்டரைக் குறைத்தால் எறும்பு வரும், கூட்டினால் லிங்கம் போகும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் வேகம் வராது. அன்றைக்கு அவள் கொல்லைப்புறத்தில் வாழையடியில் நின்று, ஒரு காலை மடக்கிப் பின்னால் இழுத்து, ஓட்டத்துக்கு முன் செய்கிற பயிற்சியைச் செய்து பார்த்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் அக்கா தோற்றுப்போக ஒத்திகை பார்ப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் மழை கொட்டியதால் வெளிச்சுவர் டைல் ஒட்டுகிற வேலை இல்லை. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. லேப்டாப் சும்மா கிடக்கிறதே என்று பைக் ரேஸைப் போட்டேன். கொஞ்சம் திணறியது. முன்பு வேகம் வருவதற்காக ஓர் இடத்தில் எதையோ மாற்றியது ஞாபகம் வந்து, இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்று அந்த இடத்தைத் திறந்தேன். கிராஃபிக்ஸ் சிப்புக்கான கட்டுப்பாட்டுப் பலகை அது. அதில் ஒரு ஸ்லைடரை இழுக்கலாம். ஒரு முனையில் தரம், மறுமுனையில் வேகம். நான் வேகத்தில் கொண்டுபோய் முட்ட வைத்திருந்தேன். அதற்குக் கீழே, விளிம்பை மெருகேற்றுவது, தூரத்து நிறங்களைக் கலப்பது என்று இரண்டு. இரண்டையும் அணைத்திருந்தேன். அதற்கும் கீழே ஒரு சின்னப் பெட்டியில் டிக். எந்த புரோகிராம் என்ன கேட்டாலும் கேட்காதே, இதையே செய் என்று அதற்கு அர்த்தம்.

எட்டு கேட்டால் ஒன்றுதான் தருகிறது என்று அக்கா சொன்னது அப்போதுதான் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. சிப்பால் முடியாமல் இல்லை. நான் அதன் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன்.

கை தானாகப் போய் எல்லாவற்றையும் பழையபடி வைத்தது. டிக்கை எடுத்தேன். அக்காவின் அருவியில் ஃபில்டர் போடாத பழைய பதிப்பை ஓட விட்டேன். கம்பி கம்பியாக இருந்தது. தரை கிடந்தது. ஓர் எறும்பு இல்லை. நாலு நாள் அவள் எழுதியதை எல்லாம், அந்தச் சிப்பு விசிறி சத்தம்கூடக் கூட்டாமல் செய்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த யோசனை சொல்லாமல் விட்டுவிடலாம் என்பதுதான். தானாகச் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். கம்ப்யூட்டரில் எது எப்போது தானாகச் சரியாகும் என்று யாருக்குத் தெரியும்? லேப்டாப்பை மூடிவிட்டு, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். யாரும் கேட்காமல் நான் தேங்காய் துருவினால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும்.

அக்கா வந்தாள். லேப்டாப்பைத் தொடவில்லை. ஒரு நோட்டை எடுத்து, அந்த இரண்டு பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். எப்படியும் அனுப்பிவிடலாம், இருபது படத்தோடே போகட்டும் என்று முடிவு பண்ணியிருந்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். இந்தச் சிப்பிலேயே பதித்திருக்கும் ஃபில்டர் சரியாக வேலை செய்யாததால் நானே எழுத வேண்டியிருந்தது என்று ஆரம்பித்திருந்தாள்.

பெங்களூரில் அதைப் படிக்கப் போகிறவன் என்னை மாதிரி டைல்ஸ்காரன் இல்லை. படித்ததும் தப்பு தெரிந்துவிடும். இந்தப் பெண்ணுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று தூக்கி ஓரமாக வைப்பான்.

"ஏக்கா."

"என்னலே?"

"அந்த வரிய எழுதாத."

"எந்த வரி?"

"சிப்பால முடியாதுன்னு போட்டிருக்கல்லா. அதால முடியும். நான்தான் அமத்தி வச்சிருந்தேன்."

அக்கா பேனாவைக் கீழே வைக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அந்த ஸ்லைடர், அந்த டிக், எல்லாம். பழைய பதிப்பையும் ஓட விட்டேன். அவள் கேமராவை முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். தரை அசையவில்லை.

"எப்பலருந்து?"

"நீ லேப்டாப்ப வாங்குததுக்கு முன்னாலயே. பைக் கேமுக்காக."

"ஏன்லே சொல்லல?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"இன்னைக்கு எப்ப?"

"மத்தியானம். ஒரு மணி இருக்கும்."

"இப்ப மணி ஆறு. அஞ்சு மணி நேரம் என்ன பண்ணிட்டு இருந்த?"

"பயந்துட்டு இருந்தேன்."

எனக்குக் கேலி ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். அக்கா அடிப்பதற்கு எதையாவது தேடினாள். கையில் பட்டது எஸ்.ஐ. கைடு. ஆனால் அதன்மேல் லேப்டாப் இருந்தது, லேப்டாப்பில் அருவி இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள். அந்தப் புத்தகம் ஒரு குடிமகனுக்குக் கொடுத்த முதல் பாதுகாப்பு அது.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள், ஆனால் என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

"அப்ப அந்த அறுநூறு வரி?"

தள்ளு கட்டர், கிரைண்டர் எல்லாம் நாக்கு நுனியில்தான் நின்றது. அப்படியே விழுங்கினேன். அவளே சொன்னாள்.

"ஹாலு முழுக்க கிரைண்டரு பிடிச்சிருக்கேன், என்னலே?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, மூதி." சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அறுநூறு வரியையும் தூக்கினாள். அழிக்கவில்லை, தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்கு என் பெயரை வைத்தாள். இன்றைக்கும் அந்த ஃபோல்டர் இருக்கிறது.

ஃபில்டர் போனதும் பாறையில் லிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. வேகமும் வந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு தொல்லைதான். ஈரப் பாறை மட்டும் கேமரா நகரும்போது ஊசி குத்தினாற்போல மின்னியது. அவளுடைய பலசாலி லேப்டாப்பிலும் அது இருந்தது. இதை மட்டும் சிப்பின் அந்தப் பகுதியால் சரிசெய்ய முடியாது என்றாள் அக்கா. அது பாறையின் மேடு பள்ளத்தைக் கலந்து கொடுத்துவிடும். கலந்தால் மேடும் பள்ளமும் சமமாகி, பாறை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் எப்படித் தெறிக்கும் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. கண்ணாடி என்று நினைத்து அது பளீரென்று தெறிக்கிறது.

"பாத்ரூமுக்கு ஆன்ட்டி-ஸ்கிட் டைலு ஒட்டுவோம்லா" என்றேன். "எட்ட நின்னு பாத்தா அதுல சொரசொரப்பு தெரியாதுக்கா. ஆனா பளபளக்கவும் செய்யாது, மங்கலாத்தான் இருக்கும். ஒன் பாறைக்கு எட்டப் போனதும் சொரசொரப்பு மறந்து போவுது."

"அதத்தாம்லே நானும் சொல்லுதேன். எவ்வளவு மறந்துச்சோ அவ்வளவுக்குப் பளபளப்பக் கொறைக்கணும். அத மட்டும் நான் எழுதணும்."

எழுதினாள். பன்னிரண்டு வரி. கோப்பையைச் சுற்றி வெட்டுகிற அளவு. மறுநாள் சாயங்காலம் பாறை ஈரமாக இருந்தது, ஆனால் மின்னவில்லை. நொடிக்கு முப்பத்துநாலு படம். இரண்டு பக்கத்தைத் திருப்பி எழுதினாள். சிப்பை அமத்தி வைத்திருந்த கதையையும், அறுநூறு வரியையும், அதை ஏன் தூக்கினாள் என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். என்னை அதில் "சோதனைக்கு உதவியவர்" என்று போட்டிருந்தாள். அது மரியாதையா திட்டா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

அனுப்புவதற்கு முன் அப்பா வந்து பார்த்தார்.

"லிங்கம் இருக்கு." தலையை ஆட்டினார். போகும்போது திரும்பி, "ஆர்ச்சத் தாண்டித் தண்ணி வந்தா விசிலு அடிக்கணும். அதுக்கு ஒண்ணும் வைக்கலியா?" என்றார்.

"எப்பா, இது அருவி மட்டுந்தான். போலீஸ் இல்ல."

"போலீஸ் இல்லாம என்னட்டி அருவி?"

அனுப்பியாயிற்று. மாதம் முடிந்தது. பதில் வரவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டவெல்லாம் இல்லை. ஒண்ணாந்தேதி காலை ஐந்து மணிக்கு டீயைக் குடித்துவிட்டு வாசலில் நின்றார், அவ்வளவுதான். அக்கா ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். நானும் போனேன். சாரலில் அவள் கிரவுண்டைச் சுற்றி ஓடினாள். நான் போனில் நேரம் பார்த்தேன்.

"ஏக்கா, நொடிக்கு இருபதுதான் வருது. அந்த ஃபில்டரத் தூக்கு" என்று கத்தினேன். இரண்டாவது சுற்றில் என் பக்கம் வரும்போது ஒரு கை சேற்றை அள்ளி எறிந்தாள். குறி தப்பவில்லை. எஸ்.ஐ. ஆனால் ஊர் தாங்காது.

இரண்டாம் நாளும் ஓடினாள். மூன்றாம் நாளும் ஓடினாள். நான்காம் நாள் ஓடி முடித்து, வந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் உள்ளறைக்குப் போனாள். நானும் அம்மாவும் கதவோரம் நின்றோம். அப்பா பேப்பரை விரித்து வைத்திருந்தார், ஆனால் பக்கம் திருப்பவில்லை. உள்ளே அக்கா இங்கிலீஷில் பேசினாள். எனக்குப் புரிந்தது நடுவில் வந்த "மை பிரதர்" மட்டும்தான். அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் யாரோ சத்தம்போட்டுச் சிரித்தது கதவு வழியாகக் கேட்டது.

வெளியே வந்தாள்.

"ஆறு மாசம் வீட்டுலருந்தே வேல. நல்லாச் செஞ்சா பொறவு அங்கேயே எடுத்துக்கிடுவாங்க."

அம்மா முந்தானையால் அவளுடைய ஈரத் தலையை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா கேட்டாங்க?" என்றேன்.

"எழுதினதத் தூக்கிப் போட எப்பிடி மனசு வந்துச்சுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"மனசு வரலன்னு சொன்னேன்."

அப்பா பேப்பரை மடித்தார். "ஆறு மாசம்" என்றார். "நல்லாச் செஞ்சா."

"ஆமாப்பா."

"செய்வல்லா?"

"செய்வேன்ப்பா."

"அப்பிடின்னா சரி. ஓடுதத மட்டும் விட்டுராத. ஒக்காந்து ஒக்காந்து முதுகு போயிரும்."

பேசிக்கொண்டே மேஜை பக்கம் வந்தார். அருவியை இன்னொரு தடவை பார்க்கவோ என்னவோ, லேப்டாப்பைத் தன் பக்கமாக இழுத்தார். அது சாய்ந்தது. அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டார். எஸ்.ஐ. கைடு, அட்டையில் சூட்டுத் தழும்பு, மூலையில் என் சிமெண்டு விரல் அடையாளம். நான் மெதுவாக வாசலைப் பார்த்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், தப்பித்தால் சேர்ந்து தப்பிப்போம் என்பதுபோல.

அப்பா கைடை விரலால் ஒருமுறை தட்டினார். லேப்டாப்பை அதன்மேலேயே நேராக வைத்தார்.

"இது இங்கனயே இருக்கட்டும்" என்றார். "எடுத்தா சூடாயிரும்லா."